தூணில் நின்றவள்

எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். தொண்ணூறுகளின் நடுவில். ஆற்றங்கரைக் கோயில் ஒன்றில் கும்பாபிஷேகத்துக்கு வேலை நடந்தது. சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் போவோம். நான் சுவருக்குச் சுண்ணாம்பு கலக்கினேன். என் வீட்டுக்காரருக்குத் தூண் வேலை. பழைய சுண்ணாம்பை எடுத்துக் கல்லை வெளியே கொண்டுவர வேண்டும்.

இரும்பு படக்கூடாது. ஈரச்சாக்கைச் சுற்றி ஊறவைத்து, மூங்கில் பத்தையால் பெயர்ப்பார்கள். மற்றவர்களுக்கு ஒரு தூண் ஒரு நாள். இவர் ஒரே தூணில் நாலு நாள்.

அந்தத் தூணின் அடியில் செதுக்கிய ஒரு ஜோடி. ஆண் அவள் சேலையை உருவுகிறான். அவள் தடுக்கவில்லை. உடம்பில் நகை தவிர ஒன்றுமில்லை. சிரிக்கிறாள்.

நான் சோற்றுத் தூக்கைக் கொண்டுபோனபோது இவர் தன் துண்டை நனைத்து அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்தது யார் என்று திரும்பவில்லை.

கூட வேலை பார்த்த அக்கா விடவில்லை.

“ஏளா, ஒம் வீட்டுக்காரன் கல்லுக்காரிக்கு மூஞ்சி கழுவி விடுதான். ஒனக்கு எப்பம் கழுவுனான்?”

“எனக்குக் கை இருக்கு.”

“அவளுக்கும் இருக்குல்லா!”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கல் என்று தெரியும். தெரிந்தும் எரிந்தது.

மதியம் ஆண்கள் ஆற்றுக்குக் குளிக்கப் போனார்கள். நான் சுண்ணாம்பைக் கையால் அள்ளி அவள் முகத்தில் அப்பினேன். மாரிலும் அப்பினேன். அவனை விட்டுவிட்டேன். விரல் வெந்துபோனது.

இவர் வந்து பார்த்தார். கழுவுவதற்குத் தண்ணீர் எடுத்தார். அதற்குள் தர்மகர்த்தா வந்துவிட்டார்.

“யாருலே பூசுனது? நல்ல காரியம். பொம்பளையள் வார எடம். இந்த மாதிரி ஜோடி எங்கன இருந்தாலும் மூடிரு.”

“நாலு நாள் வேலை, அண்ணாச்சி.”

“அதும் சாமிக்குத்தான் செஞ்சே. இதும் சாமிக்குத்தான். பூசுலே.”

இவர் என் விரல்களைப் பார்த்தார்.

“வாளியப் பிடி” என்றார்.

பிடித்தேன். நான் நினைத்ததுதான் நடக்கிறது என்று நினைத்தேன். இவர் சுண்ணாம்பு அடிக்கும் நார் மட்டையை அவள் பாதத்தில் வைத்தார். பைய மேலே போனார். கால். இடுப்பு. மார். முகத்துக்கு வந்ததும் மட்டையைக் கீழே வைத்தார். நான் அப்பியிருந்ததைத் துண்டால் வழித்து எடுத்தார். முகம் சுத்தமானதும் ஒரு தடவை பார்த்தார். அப்புறம்தான் மூடினார்.

இன்றைக்கு வரைக்கும் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.