கன்னி மூலைத் தொட்டி

நாமகிரிப்பேட்டைப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு சேகோ ஆலையை, அதாவது ஜவ்வரிசி ஆலையை, பள்ளிப் பிள்ளைகளுக்கான சுற்றுச்சூழல் அருங்காட்சியகமாக மாற்றும் வேலை எனக்கு வந்தது. வடிவமைப்புதான் என் பிழைப்பு. ஆலை முதலாளி இப்போது விடுதிப் பள்ளி நடத்துகிறார். இந்த யோசனையும் அவருடையதுதான்.

அங்கே என்னைப் பிடித்து நிறுத்தியது தென்மேற்கு மூலையில் இருந்த கழிவுத் தொட்டி. மரவள்ளிக் குச்சிக்கிழங்கை அரைத்துக் கழுவிய தண்ணீரெல்லாம் வருஷக்கணக்கில் அதில்தான் நின்றது. காய்ந்த பிறகும் புளித்த நாற்றம் போகவில்லை. வேலியை ஒட்டிய பெரிய கிணறு அதனால்தான் கெட்டது என்று ஊரே சொல்லும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்? தொட்டியை அப்படியே விட்டு, சுற்றிக் கம்பி கட்டி, எட்டிப் பார்க்க ஒரு மேடை வரைந்து கொடுத்தேன். முதலாளியும் தலையாட்டினார்.

பொங்கல் முடிந்து போய்ப் பார்க்கிறேன், தொட்டியைக் காணோம்! மண் கொட்டி மூடி, மேலே பிளாஸ்டிக் புல் விரித்து, 'பூமியைக் காப்போம்' என்று செல்ஃபி பலகை வேறு. நேரே முதலாளியிடம் போனேன்.

"ஏனுங்க, யாரைக் கேட்டு மூடுனீங்க?"

"வாஸ்துக்காரர் வந்தாருங்க. கன்னி மூலையில பள்ளம் இருந்தா எடம் வெளங்காதுன்னு சொல்லிப்போட்டாரு. நல்ல காரியம் பண்றோம், எதுக்குங்க வம்பு?"

அடேயப்பா! ஆலை ஓடிய காலமெல்லாம் அதே மூலையில் அதே பள்ளம் இருந்ததே, அப்போது வாஸ்து எங்கே போயிருந்தது? கேட்டே விட்டேன்.

"அப்ப அது பேக்டரிங்க. இப்ப சனங்க வந்து போற எடமில்லீங்களா" என்றார், கொஞ்சமும் கூசாமல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இந்த மனுஷன் ஒரு தொட்டியையே புல்லில் மறைத்துவிட்டார்.

திறப்பு விழாவன்று அவருடைய பள்ளிப் பிள்ளைகளைக் கைகட்டி வரிசையில் நடத்தி வந்தார்கள். முன்னால் வந்த பெண் புல்லில் நின்று வேலிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அந்தக் கெணத்துத் தண்ணி ஏனுங்க ஐயா இப்படிக் கருத்துக் கெடக்குது?" என்று முதலாளியையே கேட்டாள்.

"அது நம்ம எடமில்ல சாமி. நீங்க இங்க நின்னு போட்டோ எடுத்துக்குங்க."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. மாலையும் கழுத்துமாக நின்ற விருந்தாளிகள் முன்னாலேயே சொன்னேன்: "கண்ணு, நீ நிக்கிற புல்லுக்கு அடியிலதான் பேக்டரிக் கழிவுத் தொட்டி இருக்குது. அதுல ஊறுன தண்ணிதான் அந்தக் கெணத்துக்குப் போச்சு. உங்களுக்குக் காட்டோணும்னுதான் வெச்சிருந்தேன். மூடிப்போட்டாங்க."

அவள் சட்டென்று புல்லை விட்டு இறங்கினாள்.

"லைன் கலையாதீங்க!" என்று ஆசிரியர் கத்தினார்.

வரிசை கலையவே இல்லை. பின்னால் வந்த அத்தனை பிள்ளைகளும், ஒருவர் பின் ஒருவராக, புல்லை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போனார்கள்.