நைலான் புஷ்ஷும் பக்கத்து சீட்டும்

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே சீட் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஐம்பது வயதைத் தாண்டி இதை வாங்கியபோது சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சிரித்தார்கள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் உடுமலை ரோட்டில் போய், டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். வீட்டில் ஆளுக்கொரு போனுடன் உட்கார்ந்திருக்கும் நாங்கள், அந்தக் காருக்குள் மட்டும் வாய் ஓயாமல் பேசுவோம். ஏனென்று தெரியாது. இருவரும் ஒரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ.

பின்பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. பின்சக்கரங்களை வண்டியோடு சேர்க்கும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்து வெடித்துப்போயிருந்தன. அந்த மாடலையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மாதக்கணக்கில் ஆகும். நானோ கோயம்புத்தூர்க்காரன், அதிலும் பம்ப் பாகங்கள் செய்யும் லேத் பட்டறை வைத்திருப்பவன். இந்த ஊரில் ஒரு சாமான் கிடைக்கவில்லை என்றால் யாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதில்லை, லேத்தில் கடைந்துவிடுவோம். கடைகிறதுதான் கடைகிறோம், ஆயுசுக்கும் தேயாத மாதிரி இருக்கட்டும் என்று கெட்டி நைலானை எடுத்து நானே லேத்தில் போட்டேன். அளவு மயிரிழை பிசகவில்லை. பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

சத்தம் அடியோடு நின்றது. அதோடு மனைவி காரில் வருவதும் நின்றது.

அவளுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நைலான் போட்ட முதல் ஞாயிறு, ரோட்டில் கிடந்த சின்னக் கல்கூட அவள் முதுகுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டாள். அடுத்த வாரம் கிளம்பும்போது, "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வேலை கெடக்குது" என்றாள். அதற்கடுத்த வாரமும் வேலை கிடந்தது.

தனியாகப் போனேன். இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வலிக்கிறது என்று அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் ஒன்றும் சொல்லாததுதான் பயமாக இருந்தது. பேசுவதற்கு எங்களுக்கு இருந்த ஒரே இடம் போய்விடும் போலிருந்தது. ரப்பர் அடியை வாங்கிக்கொண்டுதான் தேய்ந்தது. நான் போட்டது எதையும் வாங்கிக்கொள்ளாமல் அப்படியே அவள் முதுகுக்கு அனுப்பியது. இத்தனை வருடம் லேத்தில் நின்றவனுக்கு இது தெரியாமலா போகும்? கெட்டியாக இருந்தால்தான் நல்லது என்ற எங்கள் ஊர்ப் புத்தி கண்ணை மறைத்துவிட்டது.

கௌரவத்தை விழுங்கிவிட்டு ரப்பர் புஷ்ஷுக்கே ஆர்டர் போட்டேன். சில மாதம் கழித்து வந்ததும் நைலானைத் தட்டி வெளியே தள்ளிவிட்டு, புதியதை பிரஸ்ஸில் வைத்து அழுத்தி ஏற்றினேன். ஆனால் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது புஷ்ஷைப் பிடித்திருக்கும் போல்ட்டை முறுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் கார் தரையில் இறங்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும். வண்டி தரையில் நிற்க வேண்டும், வழக்கமான பாரமும் அதில் ஏறியிருக்க வேண்டும். அப்புறம்தான் கீழிருந்து முறுக்க வேண்டும்.

பட்டறைக் குழிக்கு மேல் காரை நிறுத்தி, டிரைவர் சீட்டில் என் எடைக்கு வார்ப்பு இரும்பை மூட்டை கட்டி வைத்தேன். பக்கத்து சீட்டுக்கும் ஒரு மூட்டை தயாராக இருந்தது. அதைத் தூக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அம்மணி, பட்டறை வரைக்கும் வாரியா? கார்ல சும்மா உக்காந்தாப் போதும். ஓட்டமாட்டேன்."

"எதுக்குங்க?"

"உன்ற எடை வேணும்."

போனில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

நிதானமாக நடந்து வந்தாள். டிரைவர் சீட்டில் இருந்த மூட்டையை ஒரு பார்வை பார்த்தாள். "இதுதான் நீங்களாக்கும்?" என்று கேட்டுவிட்டு, முதுகை வருத்தாமல் மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் குழிக்குள் இறங்கி ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினேன். முடித்துவிட்டு, "ஆச்சு, எறங்கிக்கோ" என்றேன். கதவு திறக்கவில்லை. மேலேறி வந்து பார்த்தால், சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏனுங்க, அந்த மூட்டைய எறக்கிப்போட்டு நீங்க ஏறுங்க" என்றாள்.