செஞ்சியில் நான் பார்க்காத சுனை

நான்கு ஆண்டுகளுக்கு முன் செஞ்சிக் கோட்டை பற்றி இங்கே எழுதியிருந்தேன். போன மாதம் அந்தப் பதிவின் கீழே ஒரு பின்னூட்டம் வந்தது: "நீங்க எழுதின தண்ணி மேல இல்ல சார். சித்திரை வெயில்ல ஏறினோம். எங்க நைனா உயிரோட எறங்கல." எழுதியவர் தளவானூர் கலைச்செல்வி. நைனா என்றது அவர் அப்பாவை. அதற்காகத்தான் சென்ற வியாழக்கிழமை மறுபடியும் செஞ்சிக்குப் போனேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ராஜகிரி மலை உச்சியில் வற்றாத சுனை, நல்ல குடிநீர், பாட்டில் சுமக்க வேண்டாம்" என்று எழுதிய நான் அன்று உச்சிக்குப் போகவே இல்லை. முட்டி வலித்துப் பாதியில் திரும்பிவிட்டேன். மீதியை ஏதோ ஓர் இணையப் பக்கத்தில் படித்து, நேரில் கண்டதுபோல எழுதினேன்.

சென்னை கிளாம்பாக்கத்தில் 5.40க்குப் பஸ், டிக்கெட் 140 ரூபாய். செஞ்சி சேர 8.55. அங்கிருந்து கோட்டை இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ நூறு. ஒன்பதே காலுக்கு ஏறத் தொடங்கி, நின்று நின்று, பத்தே முக்காலுக்கு உச்சி. சுனை இருந்தது. பாசி படிந்த பச்சைத் தண்ணீர். கை நனைக்கவே மனம் வரவில்லை. கொண்டுபோன இரண்டு லிட்டரும் பாதி இறங்குவதற்குள் தீர்ந்தது.

மத்தியானம் தளவானூருக்கு ஆட்டோ. ஐந்நூறு ரூபாய், நாற்பது நிமிடம். முன்பே எழுதிக் கேட்டு வீட்டு விலாசம் வாங்கியிருந்தேன். கலைச்செல்வி எம்.காம். படிக்கிறார். வாசலிலேயே நிறுத்திப் பேசினார்.

"நைனா ரெண்டு பாட்டில் எடுத்தாரு சார். நான்தான் ஒண்ணு போதும், மேல இருக்குதுன்னேன். சும்மா சொல்லல. மூணு எடத்துல தேடிப் பாத்தேன். மூணுலயும் ஒரே மாதிரி போட்டிருந்துது."

போனில் காட்டினார். ஒன்று என் பதிவு. மற்ற இரண்டும் அதைப் பார்த்து அடித்தவை. 'வற்றாத' என்பதை 'வற்றாத்த' என்று நான் விட்ட எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது.

நான் உச்சிக்குப் போகாததைச் சொன்னேன். அவர் போனை அணைத்தார். "அம்மா என்கிட்ட பேசறதே இல்ல சார். இத அவங்ககிட்ட சொல்லுங்க."

உள்ளே அவர் அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"பாக்காதத இன்னாத்துக்குப்பா எழுதின?"

நாலு பேர் படிக்க வேண்டும் என்பதற்காக என்று அந்த வீட்டில் எப்படிச் சொல்வது? "மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். அவர் உடைத்த தோலை ஒதுக்கித் தள்ளினார். பிறகு மகளின் முகத்தைப் பார்க்காமலே, "மூணரை பஸ்ஸு வந்துடும். இவர உட்டுட்டு வா" என்றார்.

கலைச்செல்வி செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். ஸ்டாப்புக்கு நடக்கும்போது சொன்னார்: "அஞ்சு மாசத்துல எங்கம்மா என்கிட்ட பேசின மொத வார்த்த சார்."

பழைய பதிவின் தலையில் திருத்தம் போட்டிருக்கிறேன். மற்ற இரண்டு பக்கக்காரர்களுக்கும் எழுதினேன். ஒருவர் நீக்கினார். இன்னொருவரிடமிருந்து பதிலே இல்லை.

போகிறவர்களுக்கு: ஆளுக்கு இரண்டு லிட்டர் போதாது, மூன்று கொண்டுபோங்கள். காலையிலேயே ஏறுங்கள், சித்திரையில் வேண்டாம். தளவானூர் குகைக்கோயிலுக்கு வழி கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊர்வரை போயும் நான் கோயிலைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாது.