ஒரு கோட்டுக்கு எத்தனை கிலோமீட்டர்

என் மகள் எட்டாம் வகுப்பு படித்தபோது, கணிதப் போட்டி ஒன்றுக்காக அவளை ஊட்டிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. பத்து மணிக்குத் தொடக்கம். கூடலூரில் ஏழு மணி பஸ் வரவில்லை. அடுத்தது எப்போது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஏழரைக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் ஸ்கூட்டரை எடுத்தேன். பெட்ரோல் பங்க்கில் கரண்ட் இல்லை. பெட்ரோல் அளவு காட்டும் மீட்டரில் மூன்று கோடு இருந்ததால் கிளம்பிவிட்டேன்.

ஒரு கோட்டுக்கு எவ்வளவு தூரம் போகும் என்று பின்னாலிருந்து கேட்டாள். தேவர்சோலையில் நான் வேலை பார்க்கும் எஸ்டேட் ஆபீசுக்குத் தினமும் போய்வரும் அனுபவத்தில், இருபது கிலோமீட்டர் என்றேன். மூன்று கோட்டுக்கு அறுபது, ஊட்டி ஐம்பதுதான், பத்து மிச்சம் என்று உடனே சொன்னாள். பள்ளியில் அப்போது அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்கு இவ்வளவு என்று தெரிந்துவிட்டால் எத்தனைக்கும் சொல்லிவிடலாம். அந்தப் பாடத்தின் மேல் அவளுக்கு அசையாத நம்பிக்கை.

நடுவட்டம் ஏற்றத்தில் மூடுபனி. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் ஏறிய வண்டி முக்கி முனகித்தான் மேலே வந்தது. மேலே சேர்ந்தபோது பதினெட்டு கிலோமீட்டர் ஆகியிருந்தது. மீட்டரில் ஒரே ஒரு கோடு.

"அம்மா, பதினெட்டுக்கே ரெண்டு கோடு போயிருச்சு. அப்ப ஒரு கோட்டுக்கு ஒம்பதுதான். இன்னும் முப்பத்திரண்டு இருக்கு."

கணக்கில் பிழை இல்லை என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"அது மேடு கண்ணு. மேட்டுல அதிகமா குடிக்கும். இனி ரோடு அவ்வளவு ஏறாது."

"அப்ப ஒரு கோட்டுக்கு எத்தன?"

"தெரியல" என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள். பெட்ரோல் தீரும் என்பதைவிட அந்தப் பதில்தான் அவளைக் கலக்கியிருக்க வேண்டும்.

இறக்கங்களில் ஆக்சிலரேட்டரையே தொடாமல் ஓட்டினேன். தலைகுந்தாவில் வண்டி நின்றேவிட்டது. ஊட்டிக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர். பக்கத்து டீக்கடை அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"வண்டி இங்கயே நிக்கட்டுங்க. நான் பாத்துக்கறேன். பாப்பாவ கூட்டிட்டு பஸ் ஏறுங்க."

நிற்க இடமில்லாத பஸ்ஸில் ஏறி, பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு போட்டி நடக்கும் பள்ளி வாசலை அடைந்தோம். அங்கிருந்த ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், மூடுபனியில் நனைந்துபோன அவள் ஷூவைப் பார்த்தார், உள்ளே விட்டார்.

பரிசு கிடைக்கவில்லை. ஒரு வேன் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும் என்று ஒரு கேள்வி வந்ததாம். ஏற்றத்திலா, சமதரையிலா என்று யோசித்தே பத்து நிமிடம் போய், கடைசிக் கேள்விகளைத் தொடவே இல்லையாம். அந்த மாதிரி கேள்வி வந்தால் சமதரை என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"சரிம்மா" என்றாள். ஆனால் அது அவளுக்குச் சரியாகப் படவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.