அப்பாவின் ஜன்னலுக்குக் கீழே அறுத்த கல்

மைக்ராஸ்கோப்பை வாங்கிய அன்று முகத்தைப் பல்வலிக்காரன் மாதிரி வைத்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம் வெளியே தெரிந்தால் விலை ஏறிவிடுமே! தெங்கேராவில் பழைய சாமான் விற்கும் சீன அங்கிள் அதை ஒரு மீன் தராசுக்கும் உடைந்த மின்விசிறிக்கும் நடுவில் வைத்திருந்தார். எப்போதோ மூடிய ஈயச் சுரங்கத்திலிருந்து வந்ததாம். பள்ளிக்கூடத்தில் இருக்கிற வகை இல்லை அது. கல்லைப் பார்ப்பதற்கென்றே செய்தது. கல்லை வைக்கும் தட்டு வட்டமாகச் சுழலும்; தட்டுக்கு மேலும் கீழும் ஒளியை வடிகட்டுகிற கண்ணாடிகள் இருக்கும். அவை உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க, சட்டைப்பையிலிருந்த டிஷ்யூ பாக்கெட்டின் பிளாஸ்டிக்கைக் கிழித்து வைத்தேன். அடேயப்பா, அந்த வெறும் பிளாஸ்டிக்கில் நீலமும் ஆரஞ்சும் பளீரென்று எழுந்தன. "பாராங் லாமா லா, அங்கிள்," என்று உதட்டைப் பிதுக்கினேன், பழைய சாமானுக்கு இவ்வளவா என்கிற தோரணையில். அவரும் ரொம்ப முறுக்கவில்லை. புதிதாக வாங்க என் சம்பளத்துக்குக் கனவிலும் முடியாது.

வீடு இருக்கிற சிம்பாங் அம்பாட் வரைக்கும் அதைக் காரின் முன்சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டுக் கூட்டிவந்தேன். வாசலில் நின்ற மனைவி பார்த்துவிட்டாள். "என்னைக்காவது எனக்கு பெல்ட் மாட்டி விட்டிருக்கீங்களா?"

ஹாலில் நாற்காலியில் இருந்த அப்பா எட்டிப் பார்த்தார். "என்னடா அது?"

"கல்லு பாக்குற மிஷின்பா."

"கல்லையா? நாங்க லோரி லோரியா பாத்தோமே, மிஷினே இல்லாம." சிரித்தார். அவருடைய சிரிப்பு எப்போதும்போல இருமலில் போய் முடிந்தது.

எஸ்டேட்டில் ஆள் குறைத்த பிறகு அப்பா கல்குவாரிக்குப் போனார். நான் பள்ளியில் படித்த காலமெல்லாம் அவர் கல் உடைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றார். மாவு மில்லிலிருந்து வருகிறவர் மாதிரி வெள்ளையாக வீட்டுக்கு வருவார். இப்போது அந்தத் தூசி அவர் நெஞ்சில் படிந்திருக்கிறது. படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் ஒருதரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இனிமேல் தூசிப் பக்கமே விடக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையை ஆட்டியவன் நான்தான்.

இருந்தும் எனக்கு அந்தக் கல்மேல்தான் ஆசை. ஃபேக்டரியில் நாள் முழுக்கக் குறை பிடிக்கிற வேலை. ஓய்வு நேரத்தில் கைப்பேசியில் கல் சீவல்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் முற்றிவிட்டது. கல்லை ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தலைமுடியைவிட மெல்லியதாகத் தேய்த்து எடுப்பதுதான் சீவல். அது இல்லாமல் மைக்ராஸ்கோப் வெறும் அலங்காரம். விலைக்கு வாங்கலாம், வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். நாமே செய்தால் என்ன என்று கிளம்பினேன். அப்பா வேலை செய்த குவாரிக்குப் போகும் சாலையோரத்தில் ஒரு கருங்கல் துண்டைப் பொறுக்கி வந்தேன்.

எல்லா வீடியோவிலும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், தூசி பறக்கக் கூடாது. அப்படித்தான் தொடங்கினேன். ஈரத்தில் கல் வழுக்கியது, பிளேடு திணறியது, ஒட்டியது பிய்த்துக்கொண்டது. பொறுமை என் குணத்திலேயே கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சீ, போ!" என்று பைப்பை மூடிவிட்டு கிரைண்டரை எடுத்தேன். கொஞ்ச நேரம்தானே, என்ன ஆகிவிடப்போகிறது? கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகக்கவசம் எல்லாம் ஒழுங்காக மாட்டிக்கொண்டேன். கொல்லையில் வெள்ளைப் புகை மாதிரி எழும்பியது. அழகாக அறுபட்டது கல். எனக்கு மேலே அப்பாவின் ஜன்னல் திறந்திருந்ததை நான் நினைக்கவே இல்லை.

கிரைண்டரை நிறுத்திய பிறகுதான் இருமல் கேட்டது. உள்ளே ஓடினேன். அப்பா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். "உங்களுக்கு புத்தி இருக்கா? மாமா தூங்கிக்கிட்டிருக்காங்கன்னு தெரியாதா?"

தலையிலும் கையிலும் வெள்ளையாக நின்றேன். அப்பாவுக்கு மூச்சு திரும்பவே வெகுநேரம் ஆனது. என்னைத் திட்டவில்லை. "அந்த வாசன வந்துச்சுடா," என்றார். "மறுபடியும் வேலைக்கு வந்துட்டேன்னு நெனச்சிட்டேன்."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வெட்கத்தில் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன். மைக்ராஸ்கோப்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி அலமாரிக்கு மேலே ஏற்றினேன். அப்பாவின் மூச்சு அன்றிலிருந்து இன்னும் கொஞ்சம் குறைந்தது. டாக்டர், இந்த நோயில் இது வருகிற கட்டம்தான் என்றார். இருக்கலாம். நான் நம்பவில்லை.

கடைசியில் அவரே கேட்டார். "காசு போட்டு வாங்கிட்டு மூடி வச்சா எப்படி? எனக்குக் காட்டுடா."

அவர் ஜன்னலை நானே சாத்தினேன். வேலியோரக் குழாயடியில் உட்கார்ந்து, தண்ணீர் விட்டு, தேய்ப்புத் தூளைப் போட்டு, அந்த அறுத்த துண்டைக் கையாலேயே தேய்த்தேன். பல சாயங்காலம் பிடித்தது. இத்தனை பொறுமையும் எனக்குள் இருந்திருக்கிறதே என்று நினைக்க நினைக்க என்னையே அறையத் தோன்றியது.

மைக்ராஸ்கோப்பை இறக்கி மேசைமேல் வைத்து, அப்பாவை அதற்கு முன்னால் உட்கார வைத்தேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். "ஐயோ, என்னடா இது, கோலம் போட்ட மாதிரி!" பழுப்பும் பச்சையுமாக ஒன்று, கோடு கோடாக ஒன்று, சாம்பலும் வெள்ளையுமாக ஒன்று. ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னேன். கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இதுல எதுடா எனக்குள்ள இருக்கறது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அந்த சாம்பலும் வெள்ளையுமா இருக்கு பாருங்க, அதாம்பா. தட்டச் சுத்துனா மாறும்."

அவரே தட்டைச் சுழற்றினார். "இருட்டாவுது... இப்ப வெள்ளையாவுது... அழகாத்தான் இருக்கு லா." மூச்சு வாங்குவதற்காக நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு அறுத்தப்ப, நீ மூக்கக் கட்டியிருந்தியாடா?"

"கட்டியிருந்தேம்பா."

"நல்லவேள," என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடியும் குனிந்தார்.