ஓரகத்தி தலைவரான ஊராட்சி

கல்வராயன் மலையில் ஓர் ஊராட்சித் தலைவியைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். என் கேள்விகளுக்கெல்லாம் அவர் கணவரே பதில் சொன்னார். நடுவில் என் வீட்டுக்காரர் போன் செய்தார். வடக்கனந்தல் பக்கம் இருக்கும் எங்கள் ஊராட்சியின் தலைவர் பதவி இம்முறை பெண்களுக்காம்.

உள்ளாட்சியில் பெண்கள் பற்றிய ஆய்வுத் திட்டத்தில் நான் அப்போது சீனியர் ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர். தேர்தலில் நிற்பது என்று பஸ்ஸிலேயே முடிவுசெய்தேன். வீட்டுக்கு வந்தால் எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். கொழுந்தன் அருள் தன் மனைவி ஸ்டெல்லாவை நிறுத்துகிறார்.

“நீங்க மலைக்கும் காலேஜுக்கும் போய்க்கினு இருக்கீங்க அண்ணி. ஸ்டெல்லா வூட்லதான இருக்குது? கையெழுத்து போட்டா போதும். மத்தத நான் பாத்துக்கறேன்” என்றார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

ஸ்டெல்லா ஜெயித்தாள். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் எல்லாரும் அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இவளும் டம்மிதான், பார்க்கத்தானே போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சாம்பிளில் எங்கள் ஊர்

அந்த வருடம் ஆய்வுக்கு ஊர்களைத் தேர்ந்தெடுத்த குலுக்கலில் எங்கள் ஊராட்சியும் சாம்பிளில் விழுந்தது. என் மனசு எனக்குத் தெரியும். திட்டத்தை நடத்திய பேராசிரியரிடம் போய், “எங்க ஓரகத்தி சார் அது. வேற யாரையாவது அனுப்புங்க” என்றேன். சக ஊழியர் கலாவை அனுப்பினார். நான் கிராம சபைக்கு வாக்காளராக மட்டும் போய் உட்கார்ந்தேன்.

காலனிப் பெண் ஒருவர் எழுந்து, “எங்க தெருவுக்கு எப்ப தண்ணி வரும்?” என்று கேட்டார். வழக்கம்போல அருள் எழுந்தார்.

“என்னாண்டதான கேட்டாங்க? நீங்க ஒக்காருங்க” என்றாள் ஸ்டெல்லா. பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். “பைப்பு எங்க தெருவோட நின்னுபோச்சு. அது தப்புதான். அடுத்த வேலை உங்க தெருவுக்குத்தான்.”

அருள் வெளியே போய்விட்டார். கலா பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தாள். எத்தனையோ கருத்தரங்குகளில் நான் பேசியதை, மைக் பிடிக்கத் தெரியாத ஸ்டெல்லா செய்துவிட்டாள். நான் கை தட்டினேன். எரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

சில நாள் கழித்து ஸ்டெல்லா என்னைத் தேடி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“அவரு எங்கூட பேசறதில்லக்கா. மெம்பருங்களயும் மீட்டிங்குக்கு வராம தடுக்கறாரு. இப்ப நான் இன்னா செய்யணும்? சட்டம் உங்களுக்குத்தான தெரியும்?”

என்னைத் தேடி வந்தாளே என்று உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். அதை மறைத்துக்கொண்டு, “சிறப்பு கிராம சபை கூட்டு. அந்தத் தெரு ஜனங்க முன்னாடியே தீர்மானம் போடு” என்றேன்.

கூட்டினாள். காலனியே திரண்டு வந்து கை தூக்கியது. குழாயில் தண்ணீர் வந்த அன்று பெண்கள் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

களப்பணிக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். யார் தோற்க வேண்டும் என்று உங்கள் மனம் விரும்புகிறதோ, அவரை நீங்கள் பேட்டி எடுக்காதீர்கள். அந்தப் பேட்டிக்கு நான் போயிருந்தால் ‘டம்மி’ என்றே எழுதியிருப்பேன். மற்றபடி, அவள் நின்ற இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும் என்ற நினைப்பு ரிட்டயர் ஆன பிறகும் போகவில்லை.