கறுத்த திரையும் கடைசி ஜன்னலும்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பார்மட்காரர் என்றால்தான் தெரியும். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா, பார்மட். பிரிண்டர் பேப்பரைக் கடித்துத் துப்புகிறதா, அதற்கும் பார்மட். உள்ளே இருப்பதை எல்லாம் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிடுவார். "ஐயோ, குழந்தை போட்டோவெல்லாம் போச்சே" என்று யாராவது வயிற்றில் அடித்துக்கொண்டால், "மிஷின் பொழைச்சுதே, அதைப் பாருங்க" என்பார். இப்படிப்பட்ட மனிதர் நாலு பெரிய மனிதர்கள் தேடிவரும் ஆளானார் என்றால், அதற்குக் காரணம் அவர் இல்லை. மாடி அறையில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி.

சொல்ல வந்தது அவளைப் பற்றித்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள். இப்போது மாடியில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு, இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீடுகளைக் கட்டி முடித்தது போலவே படமாக்குவாள். கதவு திறக்கும், கூடம் வரும், படியேறிப் போகலாம், தரையில் வெயில் விழுந்து கிடக்கும். வீடு கட்டி விற்பவர்கள் அதைத்தான் வாங்க வருபவர்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள்.

அவர்கள் வந்தால் கீழே கடையில் பார்மட்காரர்தான் பேசுவார். "போன தடவை நான் போட்ட மாடிப்படியைப் பாத்தீங்கல்ல சார், அந்த மாதிரியே பண்ணிடலாம்." அவர் போட்ட மாடிப்படியாம்! அந்த மென்பொருளைத் திறந்து வைத்தால் எதை அழுத்துவது என்றே அவருக்குத் தெரியாது. மேலே இருந்து இதைக் கேட்டு முதலில் அவள் சிரித்தாள். நாளாக நாளாகச் சிரிப்பு வரவில்லை. அவர் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டாம், ஒரு வேலையைப் பார்த்து "நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுவும் கிடையாது. "முடிஞ்சுதா?" என்று கேட்பதோடு சரி.

அவளுடைய மிஷினில் மூன்று கிராபிக்ஸ் கார்டுகள். ஒவ்வொன்றாகப் பழசு வாங்கி அவளே பொருத்தியவை. படத்தைக் கணக்குப் போட்டு வரைவதில் மூன்றும் சேர்ந்து உழைக்கும். ஆனால் மானிட்டர் கேபிள் மேல் கார்டில் செருகியிருப்பதால், கண்ணுக்குத் தெரிவது அதன் வழியாக வருவது மட்டும்தான்.

எங்கோ அவள் வேலையைப் பார்த்த ஒரு பெரிய படக் கம்பெனி அவளைத் தேடிப் பிடித்தது. யாருக்காகவும் செய்யாமல், தனக்காக ஒரு சின்னப் படம் செய்து வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொன்னார்கள். அன்றைக்கே வேலைக்கு ஆளை முடிவு செய்துவிடுவார்களாம். அவரிடம் சொன்னாள். "போயேன், யாரு வேணாங்கிறது?" என்றார். தெருமுழுக்கச் சொல்லவும் செய்தார். சொல்லும்போது சிரிப்பு உதட்டளவில் நின்றது.

கடை வேலை போக மிச்ச நேரத்தில், உடம்பைப் பிழிந்து அந்தப் படத்தைச் செய்தாள். ஆளில்லாத ஒரு வீடு. வாசல், கூடம், மாடிப்படி என்று போய், கடைசியில் பின்னறை ஜன்னலில் முடியும். வெளியே மழை. கண்ணாடியில் ஒரு துளி இறங்கும்போது பக்கத்துத் துளியையும் சேர்த்துக்கொண்டு கோணலாக வழிய வேண்டும். அந்த ஒன்றுக்காகவே வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டாள். ஆனால் மிஷின் வரைந்து முடிக்கும்வரை அது வெறும் சாம்பல் நிறக் கட்டம்தான். அந்த மழையை அவளே இன்னும் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஓடவிட்ட மிஷின், வரைய வரையத் திரையில் காட்டியபடி, வெள்ளிக்கிழமை காலையில் மாடிப்படிக்கு வந்திருந்தது. மத்தியானம் ஜன்னல் வந்துவிடும், சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தானா அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலிக்க வேண்டும்? கூட்டிக்கொண்டு போக வேறு ஆள் இல்லை. மிஷினை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பல் டாக்டர் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு," என்றார் பார்மட்காரர். "நீ போன கொஞ்ச நேரத்துலயே. மிஷின் போச்சு."

அவள் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டாள். ஆனாலும் நிதானமாகக் கேட்டாள். "ஃபேன் சத்தம் கேக்குதா?"

"கேக்குது. காட்டுக் கத்தல் கத்துது."

"முன்னாடி சின்ன லைட் விட்டு விட்டு எரியுதா?"

"எரியுது."

"அப்ப மிஷினுக்கு ஒண்ணும் இல்லைங்க. உள்ள வேலை நடந்துக்கிட்டுதான் இருக்கு, நமக்குத்தான் காட்டல. மேல் கார்டுல கேபிள் செருகுற இடம் முன்னாடியே ஒரு தடவை வம்பு பண்ணுச்சு. பின்னாடி போய் அந்தக் கேபிளை உருவி, கீழ் கார்டுல செருகுங்க. படம் வந்துடும். வரலைன்னாலும் அப்படியே விட்டுடுங்க, நான் வந்து பாத்துக்கறேன். சுவிட்சை மட்டும் தொட்டுடாதீங்க."

"மேலேர்ந்து உருவி, கீழ செருகணும். சுவிட்சைத் தொடக்கூடாது," என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார்.

"ஆமாங்க, அவ்வளவுதான்."

கொஞ்ச நேரத்தில் அம்மா பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டு, பஞ்சைக் கடித்தபடியே கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மாப்பிள்ளையைப் பற்றி அம்மா நல்லது சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. "பேசாம இரும்மா, ரத்தம் வரும்," என்று அடக்கினாள்.

மத்தியானம் இரண்டு தடவை போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. அம்மாவை வீட்டில் விட்டு, மருந்து கொடுத்து, கஞ்சி வைத்துவிட்டு, பஸ்ஸைப் பிடித்து வந்து படியேறினாள்.

திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. நீலமாக, துடைத்து வைத்த தட்டு மாதிரி, அதில் ஒன்றுமே இல்லை.

"உயிர் வந்துடுச்சு பாத்தியா?" என்றார் அவர்.

"என்ன பண்ணீங்க?"

"நீ சொன்ன மாதிரியே கேபிளை மாத்திப் பாத்தேன். வரல. எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கிறது? பார்மட் அடிச்சுட்டேன். சந்தேகம் வேண்டாம்னு ரெண்டு டிஸ்கையும் சுத்தமா அழிச்சுட்டேன்."

படத்தின் வரைபடங்களுக்கு வேறு டிஸ்கில் ஒரு நகல் இருந்தது. அதை வைத்து மறுபடி ஓடவிட்டால், முடிய இன்னும் நாலு நாள் ஆகும். கம்பெனிக்குப் போன் செய்து கெஞ்சினாள். அந்தப் பக்கம் பேசிய பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். "இன்னிக்கோட முடியுது மேடம். அடுத்த தடவை பாக்கலாம்."

அப்போதுகூட அவள் அவரைச் சந்தேகப்படவில்லை. ஊரார் மிஷினை எல்லாம் அழித்தவர், சொந்த வீட்டு மிஷினை மட்டும் விடுவாரா என்றுதான் நினைத்தாள். இந்த ஆளிடம் விட்டுவிட்டுப் போன தன்னைச் சொல்ல வேண்டும் என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

பார்மட்காரர் கீழே போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். என்றைக்கும் செய்யாத வேலை. ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவள் அழுகை அவரையும் என்னவோ செய்திருக்க வேண்டும். குரல் இறங்கியிருந்தது.

"அழாத. உன் கைவேலை எங்க போயிடப் போகுது? அந்த ஜன்னல் ஒண்ணு போதுமே. கண்ணாடியில ஒரு துளி இன்னொண்ணையும் சேத்துக்கிட்டுக் கோணலா இறங்குது பாரு, நிஜ மழை மாதிரியே இருந்துச்சு. அவ்வளவு நல்லா இருந்துச்சு. இவ்வளவு தெரிஞ்சவ எதுக்கு அடுத்தவன் கம்பெனிக்குப் போகணும்?"

அவள் அழுகை நின்றுவிட்டது. மேசையிலிருந்து தலையை எடுத்து அவரைப் பார்த்தாள்.

காலையில் கிளம்பும்போது மிஷின் மாடிப்படியில்தான் இருந்தது. கொஞ்ச நேரத்திலேயே திரை கறுத்துவிட்டது என்று சொன்னவரும் அவர்தான். ஜன்னல் வந்ததே மத்தியானத்துக்கு மேல். கேபிளை மாற்றியவுடன் படம் வந்திருக்கிறது. உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மழை வரும்வரை பார்த்திருக்கிறார். அவளே பார்க்காத மழையை அவர் ஒருவர் மட்டும் முழுதாகப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அழித்திருக்கிறார்.

இத்தனை வருஷமாக அவர் வாயிலிருந்து வராதா என்று அவள் ஏங்கிய வார்த்தை இன்றைக்குத்தான் வந்தது.

"அந்த ஜன்னலை எப்பப் பாத்தீங்க?" என்றாள்.

பார்மட்காரர் தம்ளரை எடுத்து, தள்ளி வைத்தார். மறுபடி எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"ஏங்க, கேக்கறேன்ல? எப்பப் பாத்தீங்க?"

அவர் நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஷினில் ஃபேன்கள் இப்போது மெதுவாகச் சுற்றின, செய்ய வேலை ஒன்றும் இல்லாததால்.

"அத்தைக்குப் பல்வலி இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

அவள் எழுந்து திரைச்சீலையை ஒதுக்கினாள்.

"பிடுங்கியாச்சு," என்றாள்.